வீட்டு முகப்புக்கு விதி போடுவது யார்? கிடுகு வேலியும் சங்கத்துக் கடிதமும்

கேள்வியை முதலில் சுருக்கித் தந்துவிடுகிறேன். கேட்டவர் யாழ்ப்பாண நகருக்குச் சற்று வெளியே, ஒரு தனியார் நிறுவனம் பிரித்து விற்ற காணியில் 2 பரப்பு வாங்கி வீடு கட்டியிருக்கிறார். மொத்தம் 24 வளவுகள், நடுவில் ஓர் ஒழுங்கை, தொடக்கத்தில் பொதுவான ஒரு கேற். வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கம் கடிதம் கொடுத்திருக்கிறது: பக்க எல்லையில் நிற்கும் கிடுகு வேலியைப் பிரித்துவிட்டு மதில் கட்ட வேண்டும், வீட்டுக்கு வெள்ளை அல்லது கிறீம் நிறம் மட்டும் பூச வேண்டும், முன்பக்கத்தில் உடுப்புக் காயப்போடக் கூடாது, தண்ணீர்த் தாங்கி ஒழுங்கைக்குத் தெரியக் கூடாது. மூன்று மாதத்துக்குள் செய்யாவிட்டால் மாதாமாதம் தண்டம். கனடாவில் இருக்கும் அக்கா, "இங்கே இதுக்காக வீட்டையே விற்றுப்போடுவாங்கள், கவனம்" என்று சொல்லியிருக்கிறா. யாழ்ப்பாணத்திலும் அப்படிச் செய்ய முடியுமா என்பது கேள்வி.

கடிதத்துக்குப் பயப்பட வேண்டுமா என்று கேட்பது போலத் தெரிந்தாலும், என் வளவின் வேலி, என் சுவரின் நிறம், என் கொடியில் காயும் உடுப்பு இவற்றில் சொல்லுரிமை யாருக்கு என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். நான் கட்டட வரைபடம் போட்டு, பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை என்று அனுமதிக்காக ஏறி இறங்கும் தொழிலில் பல வருடமாக இருப்பவன். சட்டத்தரணி இல்லை. ஆகவே தொழிலில் அன்றாடம் கையாளும் விதிகளை உறுதியாகச் சொல்வேன். உங்கள் காணி உறுதியை வாசித்த பிறகுதான் சொல்லக்கூடியவற்றை அப்படியே குறித்துவிடுவேன்.

அக்கா சொன்னதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் உங்கள் பயம் அங்கிருந்துதான் வருகிறது. அவ சொன்னது பொய்யில்லை, ஆனால் பல இடத்துக் கதை ஒன்றாகக் கலந்திருக்கிறது. அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர் சங்கங்களுக்கு உண்மையிலேயே பலம் அதிகம். முதல் வீடு விற்பனையாவதற்கு முன்பே, காணியைப் பிரித்தவர் நிபந்தனைகளை எழுதிப் பதிவு செய்துவிடுவார். அதற்குப் பிறகு வாங்குகிற ஒவ்வொருவரும் அந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டே வாங்குகிறார். சந்தா கட்டாவிட்டால் வீட்டின்மேல் பொறுப்பு ஏறும், அதாவது அந்தக் கடனுக்கு வீடு ஈடாக நிற்கும், பல மாநிலங்களில் வீட்டை விற்கும் வரை அது போகலாம். அங்கேயும் எல்லை உண்டு. கலிபோர்னியாவில் சந்தா நிலுவை 1,800 டொலருக்குக் குறைவாகவும் 12 மாதத்துக்கு உட்பட்டதாகவும் இருந்தால் அதற்காக வீட்டை விற்பனைக்குக் கொண்டுபோக முடியாது. சுவரின் நிறம் பிடிக்கவில்லை என்று போட்ட தண்டத்தையும் சந்தாவையும் அந்தச் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

அக்கா இருக்கும் கனடாவில் கதை இன்னொரு மாதிரி. ஒன்ராறியோவில் தொடர்மாடி வீடுகளையும் சில வரிசை வீடுகளையும் 1998-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு கூட்டுத்தாபனம் நிர்வகிக்கும். பொதுச் செலவுப் பணம் கட்டாதவரின் வீட்டின்மேல் அது பொறுப்புப் பதிய முடியும். தனி வளவில் தனி வீடு என்றால் பெரும்பாலும் நகரசபைதான் பார்க்கும். ரொறன்ரோவில் புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்தால் அறிவித்தல் வரும். வீட்டுக்காரர் வெட்டாவிட்டால் நகரசபை ஆள் வைத்து வெட்டி, செலவைச் சொத்து வரியோடு சேர்த்துவிடும். அப்படிக் கண்டிப்பான ஒன்ராறியோவே 2008-ல் உடுப்புக் கொடிக்கு இருந்த தடைகளைத் தனி வீடுகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் நீக்கியது. வெயிலில் காய்ந்தால் மின்சாரம் மிச்சம் என்பது காரணம். வருடம் முழுக்க வெயில் எறிக்கிற நம் ஊரில் ஒரு சங்கம் அதைத் தடை செய்யப் பார்க்கிறது என்பதை உங்கள் கூட்டத்தில் யாராவது எழுந்து சொன்னால் நல்லது.

இனி நம் பக்கம். இலங்கையில் ஒரு வளவை மற்றவர்களுக்காகக் கட்டுப்படுத்தும் உரிமை காணியோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டுமென்றால், அது நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட உறுதியில் இருக்க வேண்டும். 1840-ம் ஆண்டின் 7-ம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. காணி விற்பனை மட்டுமல்ல, காணியின்மேல் சுமத்தும் பொறுப்பும் அப்படியே. இது யாழ்ப்பாணத்தவருக்குப் புதிய விடயமே இல்லை. உங்கள் அப்பாவின் பழைய உறுதியை எடுத்து அட்டவணையை வாசித்துப் பாருங்கள். நான்கு எல்லையையும் சொல்லிவிட்டு, "இதற்குள்ளடங்கிய வீடு, பயன்தரு மரங்கள், வடக்கு எல்லையிலுள்ள பங்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரித்தும் வழிவாய்க்கால் உரித்தும்" என்று முடியும். அந்தக் கிணற்றுப் பங்கைப் பேரன் காலத்திலும் யாரும் மறுக்க முடியாமல் இருப்பது அந்த ஒரு வரியால்தான். உங்கள் சங்கத்துக் கடிதத்திலுள்ள விதிகளில் ஏதாவது அந்தக் கிணற்றுப் பங்கு மாதிரி உங்கள் உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா? முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எழுதப்பட்டிருந்தாலும் எல்லாம் ஒரே பலமுடையவை அல்ல. நம் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தில் ஒரு காணியின்மேல் பக்கத்துக் காணிக்காக ஒரு கட்டுப்பாடு இருக்கலாம்: இன்ன உயரத்துக்கு மேல் கட்டாதே, இந்த வழியை மறிக்காதே, என் தாழ்வாரத் தண்ணீரைப் பொறுத்துக்கொள். இவையெல்லாம் ஒன்றைச் செய்யாமல் இருப்பது, அல்லது மற்றவர் செய்வதைப் பொறுத்துக்கொள்வது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை பெயின்ற் அடி, மதில் கட்டு என்று ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் கடமை காணியோடு ஒட்டி அடுத்த சொந்தக்காரனுக்குப் போவது இந்தச் சட்டத்தில் மிகக் கடினம். ஆகவே "முன்பக்க மதில் இன்ன உயரத்துக்கு மேல் போகக் கூடாது" என்று உறுதியில் இருந்தால் அதைக் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். "கிறீம் நிறம் பூச வேண்டும்" என்பது அதே உறுதியில் இருந்தாலும் அதன் நிலை சந்தேகத்துக்குரியது. அதில் இரு பக்கமும் வாதம் இருக்கும், அந்த வரியின் சொற்களைப் பார்த்துச் சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும்.

உறுதிக்கு வெளியே, நீங்கள் தனியாகக் கையெழுத்து வைத்த ஒப்பந்தம் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். காணி விற்ற நிறுவனம் திறப்புத் தரும்போது ஒரு தாளில் ஒப்பம் வாங்கியிருக்கலாம், அல்லது சங்கத்தில் சேரும்போது யாப்புக்கு உடன்படுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அது உங்களைக் கட்டுப்படுத்தும். ஆனால் உங்களை மட்டும்தான். நாளைக்கு நீங்கள் வீட்டை விற்றால் வாங்குபவரை அது தானாகப் பிடிக்காது. சங்கத்தின் யாப்பில் தண்டத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் செயற்குழு மட்டும் கூடித் தீர்மானித்திருந்தால், நீங்கள் உறுப்பினராக இருந்தாலும் அந்தத் தண்டத்துக்கு அடிப்படை இல்லை என்பது என் கருத்து. சங்கம் பிரதேச செயலகத்தில் பதியப்பட்டிருக்கிறது என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். அந்தப் பதிவு கூட்டம் கூடவும் வங்கிக் கணக்குத் திறக்கவும் உதவும். ஒருவரின் வளவுக்குள் கட்டளையிடும் அதிகாரத்தைத் தராது. வீட்டை விற்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்களுடையது தொடர்மாடியாகவோ, தொடர்மாடிகளுக்கான தனிச் சட்டத்தின் கீழ் பதிவான கூட்டு ஆதனமாகவோ இருந்தால் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. அந்த 1973-ம் ஆண்டின் 11-ம் இலக்கச் சட்டமும் அதற்கு 1982-லும் 2003-லும் வந்த திருத்தங்களும், கூட்டு ஆதன வரைபடம் பதிவானவுடன் எல்லா வீட்டுக்காரரையும் சேர்த்து ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தை உண்டாக்கிவிடும். அதில் சேரமாட்டேன் என்று நிற்க முடியாது. வெளிச்சுவர், கூரை, படிக்கட்டு எல்லாம் பொதுச் சொத்து. அங்கே பல்கனியில் நீங்கள் நினைத்த நிறத்தைப் பூச முடியாதுதான். கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் தொடர்மாடியில் இருக்கும் உறவினரைக் கேட்டால் சொல்வார்கள். ஒழுங்கையும் தனித்தனி வளவும் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது அப்படியில்லை என்றே தெரிகிறது. இருந்தாலும் உறுதியோடு வந்த நில அளவை வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள். தனித் துண்டுக்கு நில அளவையாளர் போட்ட வரைபடமா, கூட்டு ஆதன வரைபடமா என்பது அதன் தலைப்பிலேயே இருக்கும்.

சங்கத்துக்கு இல்லாத அதிகாரம் உள்ளூராட்சி சபைக்கு உண்டு. அது உங்கள் கடிதத்தில் ஒரு இடத்திலும் இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வீடு கட்ட, கூட்டிக் கட்ட, தெருவோரம் மதில் எழுப்ப எல்லாவற்றுக்கும் சபையின் அனுமதி வேண்டும். 1915-ம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், நகர அபிவிருத்தி அதிகார சபைக்குள் வரும் இடமென்றால் 1978-ம் ஆண்டின் 41-ம் இலக்கச் சட்டமும் அதன் ஒழுங்குவிதிகளும் இதைச் சொல்கின்றன. 1986-ல் வந்த பழைய ஒழுங்குவிதிகள் போய் 2021 ஜூலையில் புதியவை வர்த்தமானியில் வந்துவிட்டன. பழைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது அளவு சொன்னால் ஏற்காதீர்கள். தெருவிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், எல்லையிலிருந்து சன்னல் எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும், வளவில் எத்தனை வீதம் வெறும் நிலமாக விட வேண்டும் என்பவையெல்லாம் அதில் உண்டு. வீட்டின் நிறம் அதில் இல்லை. கோட்டை போன்ற தொல்பொருட் சின்னத்துக்குப் பக்கத்தில் கட்டுபவர் தொல்லியல் திணைக்களத்தைக் கேட்க வேண்டியிருக்கும். உங்களுடைய இடத்துக்கு அந்தப் பிரச்சினை வராது.

உங்கள் ஒழுங்கையின் கேற்றைப் பற்றியும் ஒரு சொல். பெரிய காணியைப் பிரிக்கும்போது சபையிடம் பிரிப்பு அனுமதி எடுக்க வேண்டும், ஒழுங்கையை அந்த வரைபடத்தில் வழியாகக் காட்ட வேண்டும். பல இடங்களில் அந்த ஒழுங்கை சபைக்குக் கையளிக்கப்பட்டுவிடும். அப்படிக் கையளித்திருந்தால் அது பொது வழி. அதில் கேற் போட்டுப் பூட்டுவதற்கும், யாரின் வீடு ஒழுங்கையிலிருந்து எப்படித் தெரிகிறது என்று விதி போடுவதற்கும் சங்கத்துக்கு என்ன உரிமை என்று நீங்களே கேட்கலாம். கையளிக்காமல் 24 பேருக்கும் பொதுவான வழியாக உறுதியில் எழுதியிருந்தால் கதை வேறு.

சரி, கடிதத்திலுள்ளதை எடுத்துப் பார்ப்போம். நிறத்தையும் உடுப்பையும் பற்றிச் சொல்லிவிட்டேன். தண்ணீர்த் தாங்கி தெரியக் கூடாது என்பதில் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு, ஆனால் அழகுக்காக அல்ல. முன்பக்கத்து மெல்லிய போர்ட்டிக்கோத் தட்டின்மேல் ஆயிரம் லீற்றர் தாங்கியை ஏற்றி வைத்திருப்பதை இங்கே அடிக்கடி காண்கிறேன். ஆயிரம் லீற்றர் தண்ணீர் ஒரு தொன் பாரம். அந்தத் தட்டு அதற்காகப் போட்டதில்லை. தாங்கியைப் பின்பக்கம், சுவர்கள் சந்திக்கும் இடத்துக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். தெரியாமலும் இருக்கும், இடியாமலும் இருக்கும்.

வேலியைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. கிடுகு வேலி ஏழைத் தோற்றம் என்ற எண்ணம் நம்மிடம் வந்து கனகாலம். கதியால் நட்டு, கிளுவையோ பூவரசோ தழைத்து, அதில் கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டிய வேலி காற்றை விடும், மழைத் தண்ணீரை விடும், குழையை ஆட்டுக்குக் கொடுக்கலாம், உக்கிய ஓலையைத் தோட்டத்துக்குத் தாழ்க்கலாம். அதைப் புதுப்பிக்க ஆளும் ஓலையும் கிடைப்பது கடினம், செலவு திரும்பத் திரும்ப வரும் என்பதும் உண்மை. அதனால் மதில் கட்டுபவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வேலியைப் பிரித்து மதில் கட்டுவது நம் ஊரில் வழக்கு வருவதற்கு மிகச் சுலபமான வழி என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கதியால் பருத்து வளர வளர வேலி மெல்ல ஒரு பக்கம் சாயும். நடுவில் ஒரு மரம் பட்டுப்போனால் புதிதை ஒரு சாண் தள்ளி நடுவார்கள். பழைய எல்லை வேலியின் இரு தலைப்பையும் கயிறு பிடித்துப் பார்த்தால் நடுப்பகுதி கயிற்றில் நிற்பது அபூர்வம். வேலி நிற்கும் வரை அதை இருவரும் பேசாமல் விட்டிருப்பார்கள். அத்திவாரம் வெட்டத் தொடங்கியவுடன் ஒவ்வொரு அங்குலமும் பேச்சாகிவிடும். அதோடு 1871-ம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அந்தத் துண்டை 10 வருடம் தடையில்லாமல் எதிருரிமையோடு, அதாவது தன்னுடையது என்றே, ஆண்டுவந்ததாக ஒருவர் வாதம் வைக்கலாம். உங்கள் பக்கத்து வளவு அந்த 24-இல் ஒன்றா, அல்லது பழைய குடும்பக் காணியா என்று நீங்கள் சொல்லவில்லை. பழைய காணியென்றால், நில அளவையாளரைக் கூப்பிட்டு, பக்கத்துக் காணிக்காரரையும் வைத்துக்கொண்டு எல்லைக்கல் பார்க்காமல் ஒரு கல்லும் அடுக்க வேண்டாம். அந்தப் பக்க வேலி யாருடைய அடைப்பு என்பதும் கேட்க வேண்டிய ஒன்று. உங்களுடையது இல்லாத வேலியைப் பிரிக்கச் சொல்லி உங்களுக்குக் கடிதம் தர யாராலும் முடியாது.

இதைவிடப் பெரிய விடயம் வெள்ளம். யாழ்ப்பாணத்துக்கு ஓடும் ஆறு இல்லை. மாரியில் மட்டும் தண்ணீர் பாயும் வழுக்கையாற்றை விட்டால், நம் தண்ணீரெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கிணற்றில் நிற்பதுதான். அந்த நன்னீர் கடல் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை நிலத்துக்குள் இறங்கினால்தான் அது நிரம்பும். 24 வளவும் அத்திவாரத்தோடு மதில் கட்டி, முற்றம் முழுக்க இன்ரலொக் கல் பதித்து, பீலித் தண்ணீரைக் குழாய் வைத்து ஒழுங்கைக்கு விட்டால் அழகாகத்தான் இருக்கும். முதல் பெரிய மழையில் எல்லாத் தண்ணீரும் பள்ளத்திலிருக்கும் கடைசி இரண்டு வளவில் போய் நிற்கும். நான் பார்த்த ஓர் ஒழுங்கையில் கடைசி வீட்டு மதிலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண்ணிறக் கோடு இருந்தது. மதிலுக்கு அடியில் தண்ணீர் போக ஓர் ஓட்டைகூட இல்லை. வீட்டுக்காரர் கோடரியால் தானே ஒரு துளை போட்டிருந்தார், அந்தத் துளைத் தண்ணீர் அடுத்த வளவுக்குப் போய் அங்கே சண்டை. கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே இருக்கும் சின்ன வளவில் இப்படித் தண்ணீர் தேங்கினால் குடிக்கிற தண்ணீருக்குள் என்ன போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே உங்கள் சங்கம் விதி போட வேண்டுமென்றால் இதற்குப் போடட்டும். எந்த மதிலும் கட்டும்போது நிலமட்டத்தில் நாலு அங்குலக் குழாய்த் துண்டுகளைத் தண்ணீர் போகிற பக்கம் பார்த்து வைக்க வேண்டும். பீலித் தண்ணீரை வளவுக்குள்ளேயே ஒரு குழியில் இறக்க வேண்டும். முற்றத்தில் ஒரு பகுதியை மண்ணாக விட வேண்டும். ஒழுங்கையோரத்து வாய்க்காலை மாரிக்கு முன் எல்லோரும் சேர்ந்து துப்புரவாக்க வேண்டும். கேற் உள்ளுக்குத் திறக்க வேண்டும், ஒழுங்கைக்குத் திறந்து வழியை மறிக்கக் கூடாது. இவற்றுக்குத் தண்டம் தேவைப்படாது, ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் இதில் சொந்த நன்மை இருக்கிறது.

அடுத்தது பூட்டிக் கிடக்கும் வீடுகள். 24 வளவில் எத்தனை பேர் வெளிநாட்டில் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் ஊரில் ஆளில்லா வளவு இல்லாத ஒழுங்கை இல்லை. கிறீம் நிற வீட்டுக்குப் பக்கத்தில் இடுப்பளவு பற்றை, மூடாத கிணறு, பழைய ரயர், வெட்டிப்போட்ட கோம்பை. நிறம் ஒருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாது, டெங்கு அனுப்பும். இதற்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது: 2007-ம் ஆண்டின் 11-ம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வளவுச் சொந்தக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நேரடியாகக் கடமை வைக்கிறது. தண்ணீர் தேங்கக்கூடிய ரின், சிரட்டை, ரயர் இவற்றை அகற்றுவதும் பாழ்கிணற்றை மூடுவதும் அதில் அடங்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து வழக்கும் போடலாம். ஊருக்கே தொல்லை என்ற அளவுக்குப் போனால், 1979-ம் ஆண்டின் 15-ம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98-ம் பிரிவில் நீதவான் அதை அகற்றும்படி கட்டளையிடலாம். சங்கம் செய்யக்கூடிய உண்மையான உதவி இதில்தான்: வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரரோடு பேசி, மாதம் ஒரு தொகை வாங்கி, ஆள் வைத்துத் துப்புரவாக்கி, படம் எடுத்து அனுப்புவது. அவர்களும் சந்தோசமாகத் தருவார்கள்.

ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். தோற்ற விதிகள் எப்போதும் தோற்றத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் 1947-ல் தொடங்கிய லெவிற்ரவுண் குடியிருப்பில் வேலி போடக் கூடாது, வார இறுதியில் வெளியே உடுப்புக் காயப்போடக் கூடாது என்ற விதிகள் இருந்தன. அதே தாள்களில் வெள்ளையரல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. அப்படியான இன நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றிக் கொடுக்க முடியாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1948-ல் சொன்ன பிறகும் பழக்கம் உடனே போகவில்லை. யார் பக்கத்தில் வரக்கூடாது என்று பார்த்துக் காணி விற்கும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது, அதை மூடிவைப்பதில் பயனில்லை. மதில் கட்ட வசதியில்லாதவரைக் கிடுகு வேலிக்காகத் தண்டம் போட்டு நெருக்கினால், கடைசியில் அவர் வித்துப்போட்டுப் போவார். உங்கள் சங்கத்தின் நோக்கம் அது என்று நான் சொல்லவில்லை, நல்ல மனிதர்கள் நல்லது நினைத்தே எழுதியிருப்பார்கள். விளைவு அப்படி வரலாம் என்பதை அவர்கள் முன்னால் வைக்க வேண்டியது உங்கள் கடமை என்று நினைக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் உறுதியையும், நிறுவனத்தோடு ஒப்பமிட்ட தாள்களையும், சங்க யாப்பையும் எடுத்து ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். காணிப் பதிவகத்தில் தோம்பு (பதிவேட்டுப் பிரதி) எடுத்து, உங்கள் துண்டின்மேல் ஏதாவது கட்டுப்பாடு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்; சட்டத்தரணியே ஆள் வைத்து எடுத்துத் தருவார். அது வரும் வரைக்கும் தண்டம் கட்ட வேண்டாம், ஆனால் கடிதத்தைக் கிழித்துப் போடவும் வேண்டாம். மரியாதையாக ஒரு பதில் எழுதுங்கள்: உங்கள் கடிதம் கிடைத்தது, இந்த விதிகள் உறுதியில் எந்த வரியில் அல்லது யாப்பில் எந்தப் பிரிவில் உள்ளன என்று அறியத் தரவும், பொதுக்கூட்டத்தில் இதைப் பேச விரும்புகிறேன். கையளித்ததற்கு ஒப்பம் வாங்கி ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பொலிசுக்குப் போக அவசரப்பட வேண்டாம். எல்லைத் தகராறு கைகலப்பு வரை போகலாம் என்று பொலிஸார் கருதினால் 1979-ம் ஆண்டின் 44-ம் இலக்கச் சட்டத்தின் 66-ம் பிரிவில் வழக்குப் போட்டுவிடுவார்கள். பிறகு நீங்களும் அயலவரும் தவணை தவணையாக நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டும். சங்கம் அடம்பிடித்தால் மத்தியஸ்த சபையில் முறைப்பாடு வையுங்கள். 1988-ம் ஆண்டின் 72-ம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த இந்தச் சபைகள் அயலவர் தகராறுக்கென்றே இருப்பவை, செலவும் மிகக் குறைவு.

கூட்டத்துக்குப் போகும்போது மழைத் தண்ணீர் ஒழுங்கையில் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் கீறிக்கொண்டு போங்கள். அளவு எடுக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, கடைசி இரண்டு வீட்டுக்காரரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு பேசினால் போதும். உறுதியின் அட்டவணைப் பக்கத்தைப் பெயர், இலக்கங்களை மறைத்து இங்கே போட்டால், வரைபடம் சம்பந்தமான பகுதியை நான் வாசித்துச் சொல்கிறேன்.